பதினோராவது பூச்சு

தங்கை வீட்டுக்காரர் காலை ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்றபோது, அவர் கையிலிருந்த பொட்டலத்தில் ஏதோ திரைச்சீலை இருப்பதாகத்தான் பெரியவள் நினைத்தாள். அவர் திரைச்சீலை தைக்கிறவர். எதைக் கொண்டுவந்தாலும் மீந்துபோன திரைத்துணியில் சுற்றித்தான் கொண்டுவருவார். ஆனால் இந்தப் பொட்டலம் அவரை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. திரைச்சீலை யாரையும் அப்படிச் சாய்க்காது.

"உள்ள வாங்க மாப்பிள்ளை. ரெண்டரை வருஷம் கழிச்சு வர்றீங்க, வாசல்லயே நின்னா எப்படி?"

"நான் வந்தது அவளுக்குத் தெரியாது அண்ணி."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நான் இங்கயே தங்கிக்க வேண்டியதுதான். ஒரு பாய் இருந்தா எடுத்து வையுங்க."

சமையலறை மேசைமேல் வைத்துத் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டி. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான அகலம், குட்டையான கைப்பிடி, எண்ணெய் வடிக்க விளிம்பில் ஒரு சின்ன மூக்கு. கருகருவென்று இருக்க வேண்டிய அதன் வயிறு முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு பூத்திருந்தது. பெரியவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் பொடி ஒட்டிக்கொண்டது.

"என்ன பண்ணீங்க?"

"அவ அஞ்சு நாள் பயிற்சிக்குப் போயிருந்தா. நான் முட்டை பொரிச்சேன், தீஞ்சு போச்சு. கரண்டியால சுரண்டினேன், வரல. ஊறட்டும்னு தண்ணி ஊத்தி வச்சேன். நடுவுல ஒரு ஓட்டலுக்கு நாப்பது ஜன்னல் திரை அவசர வேலை…"

"எத்தனை நாள் ஊறுச்சு?"

"நாலு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூணரைதான் இருக்கும்," என்றார்.

பெரியவளுக்கு அந்தச் சட்டியை நன்றாகத் தெரியும். அக்காவும் தங்கையும் சலவைக் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் ஆறு வருஷம் குடியிருந்தபோது, மூடப்போகிற ஒரு கேன்டீனில் இருவரும் சேர்ந்து வாங்கியது. பேருந்தில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சின்னவள் கல்யாணமாகிப் போகும்போது அறையிலிருந்து கேட்டு எடுத்துக்கொண்ட ஒரே சாமான் அதுதான்.

"சரியாயிடுமா அண்ணி? இல்ல இதே மாதிரி ஒண்ணு எங்கயாவது கிடைக்குமா?"

"இரும்பு அவ்வளவு சீக்கிரம் சாகாது மாப்பிள்ளை. துரு மேலதான் இருக்கு. விட்டுட்டுப் போங்க."

அவர் போன பிறகும் அவள் வெகு நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை வீட்டிலிருந்து ஒரு பொருள் இந்த வீட்டுக்குள் வந்து எவ்வளவு காலம் ஆகிறது!

இந்த இரண்டரை வருஷப் பிரிவுக்குக் காரணம் பெரியவளின் கைதான். எதைப் பார்த்தாலும் உடனே பழுது பார்க்கத் துடிக்கிற கை. அவள் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் ஓவன் மெக்கானிக். அங்கே நான்கு ஓவன்கள், ஒவ்வொன்றும் ஒரு பஸ் நீளம். எந்த மூலையில் சூடு குறைகிறது, எந்த பர்னர் மூச்சுத் திணறுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். சின்னவள் ஓட்டுவது நிஜமான பஸ். நகரப் பேருந்து ஓட்டுநர். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி தருகிற வேலைக்கு அவள் விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. ஒரு சாயங்காலம் அக்காவிடம் வந்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

பெரியவள் விடவில்லை. மறுநாள் காலை, யாரிடமும் சொல்லாமல், டிப்போ மேலாளரின் அறைக்குப் போய் நாற்பது நிமிஷம் வாதாடினாள். கதவு திறந்திருந்தது. வெளியே ஷிப்ட் மாறுகிற நேரம், முப்பது ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள். தங்கையின் திறமையைச் சொன்னதுகூடப் பரவாயில்லை. "நேத்து என் மடியில படுத்து அப்படி அழுதா சார்," என்று சொன்னதுதான் எல்லாருடைய காதிலும் விழுந்தது. அடுத்த நாளிலிருந்து சின்னவளுக்கு டிப்போவில் பெயரே 'சிபாரிசு' என்றாகிவிட்டது. "சிபாரிசு வர்றாங்க, வழி விடுங்கப்பா." மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரின் மறுகோடியிலிருக்கிற டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அக்காவிடம் அவள் கடைசியாகச் சொன்னது ஒரே ஒரு வரி. "நான் உன் ஓவன் இல்லக்கா."

அதன்பிறகு பெரியவள் எத்தனையோ முறை போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்ததோடு சரி.

இப்போது சட்டி வந்திருக்கிறது. அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். அவளுக்கு ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்குத்தான். காலை முழுக்க அவளுடையது.

துருவை எடுப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் இரும்பு நாரும் சோப்பும். வார்ப்பிரும்பில் சோப்பே படக் கூடாது என்று பலரும் பயப்படுவார்கள். கொஞ்சம் சோப்பு ஒன்றும் செய்யாது, தண்ணீரில் கிடப்பதுதான் அதற்கு ஆகாது. தெளிந்த தண்ணீர் வரும்வரை தேய்த்தாள். பிறகும் குழிகளில் ஒளிந்திருந்த துருவுக்கு, பாதி வினிகரும் பாதித் தண்ணீரும் கலந்த தொட்டியில் சட்டியை முக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரை மணி நேரம், அவ்வளவுதான். வினிகர் முதலில் துருவைத் தின்னும். துரு தீர்ந்துபோனால் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். ஆகவே தொட்டியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது.

வெளியே எடுத்துக் கழுவியபோது சட்டி சாம்பல் நிறத்தில் பளிச்சென்றிருந்தது. இந்த நிலையில் அதைவிட அனாதையான பொருள் உலகத்தில் இல்லை. ஈரக் காற்றுப் பட்டாலே ஒரு மணி நேரத்தில் மறுபடியும் துருப்பிடித்துவிடும். உடனே அடுப்பில் வைத்துச் சுட உலர்த்தி, எண்ணெய் தடவித் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்குப் போன் அடித்தது. திரையில் தங்கையின் எண். பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"சட்டி உன்கிட்டயா இருக்கு?" நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"ம். இருக்கு."

"இவர் மூளைய எங்க கழட்டி வச்சாரோ. நேத்து திட்டுன திட்டுல எல்லாத்தையும் கக்கிட்டாரு. எப்ப ஆகும்?"

"துரு எடுத்தாச்சு. இனிமே பழக்கணும். எண்ணெய் பூசி, வீட்டு ஓவன்ல வச்சு…"

"எத்தனை நாள்?"

பெரியவள் ஒரு கணம் தயங்கினாள். நான்கு பூச்சு போதும். ஒரு பூச்சுக்கு ஓவனில் ஒரு மணி நேரம், ஆறுவதற்கு ஒரு மணி நேரம். காலையில் சீக்கிரம் எழுந்தால் ஒரே நாளில் மூன்று போட்டுவிடலாம். இரண்டாம் நாள் மதியத்துக்குள் சட்டி தயார்.

"ஒரு நாளைக்கு ஒரு பூச்சுதான் போட முடியும்," என்றாள்.

"சரி. எனக்குக் கடைசி ஸ்டாப்ல பன்னண்டு நிமிஷம் வண்டி நிக்கும். நாளைக்கு இதே நேரம் கூப்பிடுறேன், எந்த அளவுல இருக்குன்னு சொல்லு. சட்டியப் பத்தி மட்டும் பேசு. வேற எதுவும் வேணாம்."

"சரிடி."

"டி போடாத."

போன் வைக்கப்பட்டது. ஒன்றரை நிமிஷம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். பெரியவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தாள். பிறகு போய் ஆளி விதை எண்ணெய் வாங்கி வந்தாள்.

எண்ணெய் பூசி இரும்பைப் பழக்குகிற வேலைக்குள் ஒரு அதிசயம் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ரொட்டித் தட்டுகளைக் காட்டி அவள் விளக்கும்போதெல்லாம் அவளுக்கே புதிதாகத் தோன்றும். சட்டியின் மேல் நாம் காண்கிற கருப்பு, சாயம் அல்ல, கரியும் அல்ல. அது எண்ணெய்தான். மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் புகை வருகிற சூட்டுக்கு மேல் வைத்திருந்தால், அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வலைபோலப் பின்னி இறுகிவிடும். அப்புறம் அது எண்ணெய் அல்ல. கழுவினால் போகாது, விரலில் ஒட்டாது, இரும்பின் தோலாகவே ஆகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: படலம் மெல்லியதாக இருக்க வேண்டும். எண்ணெயைத் தடவிவிட்டு, தெரியாமல் தடவிவிட்டோம் என்பதுபோல முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்த பிறகும் மிஞ்சி நிற்கிறதே, அதுதான் தேவையான அளவு.

இரண்டாம் நாள் சின்னவள் கேட்டாள். "எதுக்குக் கவுத்து வைக்கணும்?"

"எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனா அடியில தேங்கும். தேங்கின இடம் பிசினு மாதிரி ஒட்டும். கவுத்து வச்சா தேங்க வழியில்ல. கீழ ஒரு தட்டு வச்சா சொட்டுறத அது பிடிச்சுக்கும். ஓவனோட பின்பக்கம் எப்பவும் சூடு கூடுதலா இருக்குமா, அதனால அரை மணி நேரத்துல ஒரு தடவை திருப்பி…"

"போதும் வாத்தியாரம்மா."

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த 'வாத்தியாரம்மா' பழைய அறையில் வைத்த பெயர். அன்று தொழிற்சாலையில் அவள் இரண்டு பர்னர்களைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பிரித்து மாட்டினாள்.

நான்காவது பூச்சு முடிந்தபோது சட்டியில் சன்னல் தெரிந்தது. அடர்த்தியான, அமைதியான கருப்பு. கை வைத்தால் வழுக்கியது. வேலை முடிந்துவிட்டது, சந்தேகமே இல்லை. பத்து நாற்பதுக்குப் போன் வந்தது.

"ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம் பிடிக்கணும்," என்றாள் பெரியவள். சொன்னது அவள் காதுக்கே கூசியது.

"சரி, பொறுமையாவே பண்ணு. இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா, ஒரு ஆளு கதவ வண்டில ஏத்திட்டாரு. வீட்டுக் கதவு. கீலோட."

"கதவா?"

"கதவுதான். நடுவுல நிறுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இறங்குறவங்க எல்லாம் அவரு கதவத் திறந்து, மூடி, இறங்கிப் போறாங்க. ஒருத்தரு தட்டிட்டு வேற வந்தாரு."

பெரியவள் சிரித்த சிரிப்பில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறுமுனையிலும் சிரிப்பு. பிறகு, சட்டியைப் பற்றி மட்டும் என்ற விதி இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"சரி, சட்டியப் பாரு," என்று சின்னவள் வைத்துவிட்டாள்.

அதன்பிறகு ஐந்தாவது பூச்சு, ஆறாவது பூச்சு. ஏழாவது நாள், சட்டி இல்லாமல் வீட்டுக்காரரை ரொட்டியும் ஜாமுமாகவே காயப்போட்டிருப்பதாகச் சின்னவள் சொன்னாள். "வேற சட்டி இருக்குல்ல?" என்று கேட்டதற்கு, "அது அவருக்குத் தெரியும், ஆனா கேக்க தைரியமில்ல," என்றாள். எட்டாவது நாள் அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பேசாமல் 'ம்' மட்டும் போட்டாள். பெரியவள் எண்ணெயின் புகையும் சூட்டைப் பற்றி எட்டு நிமிஷம் பேசினாள், சின்னவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்பதாவது நாள் பேச்சு ஓய்ந்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை. நின்றிருந்த வண்டியின் எஞ்சின் குறுகுறுவென்று ஓடுவது மட்டும் கேட்டது. பெரியவள் அதை ஒரு நிமிஷம் முழுக்கக் கேட்டாள். ஒரு சிலிண்டர் லேசாகத் தடுமாறியது. அவள் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் மாவு பிசைகிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற மாவுக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"எத்தனை பூச்சு ஆச்சுன்னீங்க?"

"ஒம்போது."

"நம்ம தட்டுக்கே மூணுதானே போடுறோம்? ஒரு நாளைக்கு ஆயிரம் ரொட்டி சுடுது. அது சட்டியா, ராக்கெட்டா?"

"துரு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"பூச்சு ஏற ஏற உரியும்னு எங்களுக்குப் பாடம் நடத்துனதே நீங்கதாங்க."

"உங்க வேலையப் பாருங்க," என்றாள் பெரியவள். அவர் சொன்னது உண்மை என்பதால் கோபம் கூடுதலாக வந்தது. ஆளி விதை எண்ணெய் கண்ணாடிபோல இறுகும். அழகுக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் கண்ணாடிக்கு உள்ள குணமும் அதற்கு உண்டு. சூட்டில் இரும்பு விரியும்போது மெல்லிய படலம் கூடவே விரிந்து கொடுக்கும். தடித்த படலத்தால் முடியாது. இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் அவள் பத்தாவது பூச்சையும் போட்டாள், பதினொன்றாவதையும் போட்டாள். சட்டி முடிந்தால் பத்து நாற்பதும் முடிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பதினோராவது நாள் சின்னவள், "ஒரு முட்டை போட்டுப் பாரேன், எப்படி இருக்குன்னு," என்று சொல்லியிருந்தாள். ஆகவே பன்னிரண்டாம் நாள் காலை பத்தேகாலுக்குப் பெரியவள் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். சூடேறியதும் துளி எண்ணெய் விட்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். ஓரம் பூவாகப் பொரிந்தது. சட்டியைச் சாய்த்ததும் முட்டை சர்ரென்று வழுக்கித் தட்டுக்குப் போனது. ஆஹா என்று வாய்விட்டுச் சொன்னாள். திருப்பிப் பார்த்தாள்.

வெள்ளைக்கருவின் அடிப்பக்கமெங்கும் மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புச் செதில்கள். சட்டியின் நடுவில் ஒரு நகம் அகலத்துக்குத் தோல் எழும்பியிருந்தது. அவள் தோசைக்கரண்டியின் முனையால் மெல்ல நெம்பினாள். கண்ணாடித் தாள்போல அது உரிந்து வந்தது, அடியில் சாம்பல் நிற இரும்பு.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். போன் வர இருபது நிமிஷம் இருந்தது.

இனி ஒட்டுப்போட முடியாது. முழுக்க உரித்தெடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி நினைத்த மாத்திரத்தில், மனசின் இன்னொரு மூலையில் கணக்கு ஓடியது. உரிக்க இரண்டு நாள். பிறகு மறுபடி பூச்சுகள், ஒரு நாளைக்கு ஒன்று. சின்ன சிக்கல், இன்னும் பத்து நாள் ஆகும் என்றால் போதும். இன்னும் பத்து பத்து நாற்பதுகள். சின்னவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"ஒண்ணு சொல்லணும்," என்று சின்னவளே ஆரம்பித்தாள். குரல் தணிந்திருந்தது. "சட்டியப் பத்தி இல்ல."

"சொல்லு."

"இங்க டிப்போல பயிற்சியாளர் வேலைக்கு மறுபடி ஆள் எடுக்கிறாங்க. போடலாமான்னு யோசிக்கிறேன். வீட்ல அவர்கிட்டகூட இன்னும் சொல்லல. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, அவ்வளவுதான். நீ எதுவும் பண்ணிடாத."

பெரியவள் கையிலிருந்த உரிந்த செதிலைப் பார்த்தாள். தயாராக வைத்திருந்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது.

"நான் ஏற்கனவே பண்ணிட்டேன்," என்றாள்.

"என்னது! டிப்போவுக்குப் போயிட்டியா?"

"ஐயோ இல்லடி! சட்டில. சட்டில பண்ணிட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நான்கிலேயே முடிந்துவிட்டது என்பது, ஒரு நாளைக்கு ஒன்று என்பது பொய் என்பது, முட்டையின் அடியில் செதில்கள்.

"அப்ப ரெண்டே நாள் வேலை."

"ம்."

"பதினோரு நாளா என்னை சுத்த விட்டிருக்க."

"சட்டி முடிஞ்சா நீ கூப்பிட மாட்டியே."

"அதுக்கு? பேசணும்னா பேசணும்னு சொல்ல வேண்டியதுதானே! எனக்குத் தெரியாம எனக்கு ஒண்ணு பண்ணிக்கிட்டே இருப்பியா? அன்னைக்கும் இதேதான், இன்னைக்கும் இதேதான்."

பெரியவள் செதிலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"எல்லாத்தையும் உரிச்சிடு," என்றாள் சின்னவள். "வெறும் இரும்பா குடு. நானே பழக்கிக்கிறேன்."

"சரி. முதல்ல அடுப்புல வச்சு நல்லா…"

"சொல்லாத."

"எண்ணெய் மட்டும்…"

"அக்கா. சொல்லாத."

அக்கா என்ற சொல் வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அது இப்படிக் கோபத்தில் வந்ததற்காக வருத்தப்படுவதா, வந்ததற்காகச் சந்தோஷப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்," என்றாள். "வெறும் இரும்பா குடுத்தா வழியிலயே துரு ஏறிடும். ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் குடுக்கட்டுமா?"

பெரியவள் தன் வாழ்நாளில் இப்படி அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும்.

"தடவு," என்றுவிட்டுச் சின்னவள் வைத்துவிட்டாள்.

ஓவன் கழுவுகிற காரப் பசையைச் சட்டியெங்கும் பூசி, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டி, பால்கனியில் இரண்டு நாள் வைத்தாள். காற்றுப் பட்டால் காரம் உலர்ந்து வேலையை நிறுத்திவிடும், அதற்குத்தான் பை. மூன்றாம் நாள் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு கழுவினாள். பதினோரு நாளும் பழுப்புக் குழம்பாகக் கரைந்து சாக்கடைக்குப் போயின.

தங்கை வீட்டுக்காரர் வாங்கிப்போக வந்தபோது, மேசைமேல் இரண்டு தாள்கள் கிடந்தன. இரு பக்கமும் நுணுக்கி எழுதியிருந்தாள். எத்தனை டிகிரி, எத்தனை நேரம், எந்தத் துணி, எதற்காக அந்தத் துணி.

"இதையும் வைக்கணுமா அண்ணி?"

பெரியவள் தாள்களை எடுத்துச் சட்டி இருந்த பையில் வைத்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவர் கதவுக்கும் பைக்கும் நடுவில் கண்ணை ஓட்டிக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்ணும் பாக்கல," என்றார் தாழ்ந்த குரலில். "எதுவா இருந்தாலும் நான் பாக்கல."

அவள் தாள்களை எடுத்து மடித்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள். "போயிட்டு வாங்க மாப்பிள்ளை."

மறுநாள் பத்து நாற்பது வந்தது, போனது. அதற்கடுத்த நாளும். போனைச் சமையலறையில் வைத்தால் குளியலறையிலிருந்து கேட்காதோ என்று, குளிக்கும்போதும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். தொழிற்சாலையில் மூன்றாம் ஓவனைத் திறந்து போட்டுக்கொண்டு, ஒரு ஸ்க்ரூவைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். மாவுக்காரர் டீ மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து சின்னவள் எப்போது வீட்டுக்கு வருவாள் என்பது பெரியவளுக்குத் தெரியும். மதியம் போனை எடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? சட்டியைச் சுற்றிவந்த திரைத்துணி இங்கேயே கிடக்கிறது, வேண்டுமா என்று கேட்கலாம். தொண்டை சரியாயிற்றா என்று கேட்கலாம். மாப்பிள்ளையிடம் ஒரு திரை தைக்கச் சொல்லலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுமே இன்னொரு பூச்சு மாதிரி இருந்தது. எந்தச் சாக்கையும் கையில் வைத்துக்கொள்ளாமல் எண்ணை அழுத்தினாள்.

ஆறு முறை மணி அடித்தபிறகு போன் எடுக்கப்பட்டது.

"என்ன? சட்டிக்கு எதாவது…?"

"சட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"உன்கூடப் பேசணும்னு இருந்துச்சு."

எங்கோ ஒரு குழாய் ஓடி நின்றது.

"நான் வெங்காயம் வதக்கிக்கிட்டு இருக்கேன்," என்றாள் சின்னவள்.

"சரி, வேலையப் பாரு. இன்னொரு நாள்…"

"வைக்காத. ஸ்பீக்கர்ல போடுறேன்."

போன் எதன் மேலோ சாய்த்து வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. தொடர்ந்து அடுப்பின் சத்தம், வெங்காயத்தின் சத்தம். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கரண்டி சர்ரென்று போகவில்லை. இழுத்து இழுத்து, நடுவில் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கிப் போயிற்று. எண்ணெயைச் சரியாகத் துடைக்காமல் தடித்துப் பூசியிருக்கிறாள். நிமிர்த்தியே ஓவனில் வைத்திருக்கிறாள், அதனால் நடுவில் தேங்கிப் பிசினாகியிருக்கிறது. சூட்டையும் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறாள். இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நேத்து வண்டில என்ன ஆச்சு?" என்று கேட்டாள் பெரியவள்.

கரண்டி நின்றது. பிறகு மறுபடி சுரண்டத் தொடங்கியது.

"நேத்தா? நேத்து ஒரு அம்மா ஏறினாங்க பாரு…" என்று சின்னவள் ஆரம்பித்தாள்.